இரண்டு இடது கைகள்

கல்யாணப் பெண்ணின் அம்மா போட்ட கூச்சலில், மாடியில் குடியிருப்பவர் பாதிச் சவரத்தோடு இறங்கி ஓடிவந்துவிட்டார். அடுப்பு வெடித்ததோ, ஆள் விழுந்ததோ என்று பதறினார் மனுஷர். இரண்டும் இல்லை. கூடத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. வெள்ளை லேஸில் வெட்டிய கவுன் கைகள் இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"போச்சு! ரெண்டும் இடது கை! ரெண்டையும் இடது கையா வெட்டித் தொலைச்சிருக்கேன்!"

மாடிக்காரர் முகத்து நுரையை வழித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி அழகாத்தானேம்மா இருக்கு?"

"ஒரே மாதிரி இருக்கிறதுதான்யா வினையே!"

அவளுடைய வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். எந்த நெரிசலிலும் நிதானம் தவறாதவர். மாடிக்காரரின் தோளில் கைபோட்டு, "நீங்க போய் மிச்சக் கன்னத்தை முடிங்க சார், பதினோரு மணிக்குக் கல்யாணம்" என்று படியேற்றி அனுப்பிவைத்தார்.

தைக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உடுப்பின் கை பார்ப்பதற்குக் குழாய் மாதிரிதான் இருக்கும். ஆனால் தோளோடு சேருகிற இடத்தில் முன்பக்கம் வளைவைக் கொஞ்சம் ஆழமாக வெட்டவேண்டும், பின்பக்கம் நிரவலாக விடவேண்டும். ஆகவே இடது கை வேறு, வலது கை வேறு. துணியை இரண்டாக மடித்து வெட்டினால் ஜோடி தானாக வந்துவிடும். இந்த லேஸை அப்படி மடிக்க முடியாது. பூக்கள் சரியான இடத்தில் விழவேண்டும் என்று ஒற்றையாக விரித்து ஒரு கையை வெட்டவேண்டும். பிறகு அளவுக் காகிதத்தைப் புரட்டிப்போட்டு மறு கையை வெட்டவேண்டும். புரட்ட மறந்தால் தீர்ந்தது கதை. சரி, துணியையே புரட்டிவிடலாமே என்றால், மேல்பக்கம் பூ, அடிப்பக்கம் வெறும் முடிச்சும் நூலும்.

இந்த அரிச்சுவடியில் தவறியவள் யார் என்கிறீர்கள்? கல்யாண கவுன் என்றால் அந்த வட்டாரமே தேடிவருகிற ஆள். கத்திரியக்கா என்று சொன்னால் தபால்காரருக்கும் தெரியும். கத்திரி அவள் கையிலும் இருந்தது, வாயிலும் இருந்தது. எது கூர்மை என்பதில் வாடிக்கையாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

அவளிடம் ஒரு பிடிவாதமான வழக்கம் இருந்தது. எந்த மணப்பெண்ணின் கவுனையும் கல்யாண நாளுக்கு முன்னால் முடிக்கமாட்டாள். உடம்பு, பாவாடை, பொத்தான் எல்லாம் முன்கூட்டியே தயாராகிவிடும். கைகளை மட்டும் வெட்டி எடுத்துவைத்து, கல்யாணத்தன்று காலையில்தான் பொருத்துவாள். "முந்தியே முடிச்சுக் கொடுத்தா, பொண்ணுங்க போட்டுப் போட்டுப் பார்த்தே அழுக்காக்கிடுதுங்க" என்று காரணம் சொல்வாள். நம்பாதீர்கள். மணப்பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்க, சுற்றிலும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்து "முடிஞ்சுது!" என்று சொல்வதில் இருக்கிற சுகத்துக்கு அவள் அடிமை. இத்தனை காலம் அந்தச் சுகம் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. சொந்த மகள் கல்யாணத்தில் காலை வாரிவிட்டது.

"மிச்சத் துணி கிடையாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"இருக்கு, மூக்குத் துடைக்க!"

துணிக்கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "அந்த லேஸா? தீர்ந்துபோச்சேம்மா. நீங்க வாங்கின மறுநாளே கடைசித் துண்டும் போயிடுச்சு" என்றார்.

"யாரு வாங்கினா? சொல்லுங்க, காலைப் பிடிச்சாவது வாங்கிட்டு வந்துடுறேன்."

அவர் கொஞ்சம் இழுத்தார். "அது வந்து... உங்க தங்கச்சிதான்."

கத்திரியக்கா போனை வைத்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். காலைப் பிடிப்பதாகச் சொன்ன வாய் மூடிக்கொண்டது.

தங்கை ஒரு தெரு தள்ளித்தான் இருந்தாள். தனிக்கட்டை, வீட்டின் முன்னறையே தையற்கடை. ஒரு காலத்தில் அக்காவும் தங்கையும் ஒரே கடையில், ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று வெட்டியவர்கள்தான். சில வாடிக்கையாளர்கள் "சின்னவங்க தச்சாத்தான் வேணும்" என்று கேட்க ஆரம்பித்தபோது பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது, "நான் சேர்த்துக்கலைன்னா நீ தெருவுலதான்டி நின்னிருப்ப" என்று சொல்லிவிட்டாள். சின்னவள் தன் கத்திரியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதற்குப்பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன.

இதில் யார் யாரிடம் வந்து பேசவேண்டும்? கத்திரியக்காவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. கடையைவிட்டுப் போனவள் சின்னவள், ஆகவே வரவேண்டியவளும் சின்னவள். வருகிற காட்சியைக்கூட அவள் தயார்பண்ணி வைத்திருந்தாள். வாசலில் வந்து தலைகுனிந்து நிற்பாள். கொஞ்ச நேரம் நிற்கட்டும். அப்புறம் பெருந்தன்மையாக, "சரி, உள்ள வா" என்று சொல்லலாம். "ஆண்டவரே, மன்னிப்புக் கேட்கிற மனசை அவளுக்குக் கொடும்" என்று தினமும் ஜெபம் வேறு. தங்கையின் வீட்டு விலாசத்தையும் சேர்த்துச் சொல்லாத குறைதான்.

அவர்களுடைய சபையில் எந்த ஆராதனையானாலும் நடுவில் போதகர் கைகளை விரித்து, "கிருபையும் சமாதானமும் உங்களோடிருப்பதாக" என்பார். உடனே எல்லாரும் எழுந்து பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து "சமாதானம்" சொல்லிக்கொள்ளவேண்டும். அக்கா இடப்பக்கத்து வரிசையில், தங்கை வலப்பக்கத்து வரிசையில், நடுவே பாதை. ஏற்பாடு பழுதில்லாமல் நடந்துவந்தது. ஒரே ஒருமுறை, கூட்ட நெரிசலில் சின்னவள் நேர் எதிரே வந்து கையை நீட்டிவிட்டாள். பெரியவள் சட்டென்று திரும்பி, பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டு "சமாதானம்" என்றாள். சபையே பார்த்தது. தூண் மட்டும் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் அவள் ஞாயிறு பள்ளி ஆசிரியை. "கிருபைன்னா என்ன?" என்று கேட்பாள். "தகுதி இல்லாதவங்களுக்குச் சும்மா கிடைக்கிற தயவு!" என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்தும். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு மிட்டாய். தப்பாகச் சொன்ன பிள்ளைக்கு மிட்டாய் கிடையாது. இதில் ஏதோ இடிக்கிறதே என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பாதி வாரிய தலையோடு மகள் அறையிலிருந்து வந்தாள். மேஜைமேல் கிடந்த இரண்டு இடது கைகளையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள்.

"இதை என்னிக்கும்மா வெட்டினே?"

என்றைக்கு என்று இருவருக்கும் தெரியும். "சித்தியையும் கூப்பிடலாம்மா" என்று மகள் கெஞ்சிய அன்றைக்குத்தான். "அவ வந்தா நான் வரமாட்டேன், யாரு வேணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்று கத்திவிட்டு, அதே சூட்டில் மேஜைக்குப் போய்க் கத்திரியை எடுத்தாள் இவள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே கதிதான்.

"சரி விடு," என்றாள் மகள். "கைக்குழி ஓரத்தை மடிச்சுத் தச்சுடு. கை இல்லாமலே போட்டுக்கறேன். சித்திகிட்டப் போறது உனக்கு அவ்வளவு கஷ்டம்னா வேண்டாம்மா."

மணிக்கட்டுவரை லேஸ் கை வைத்த கவுன் வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலேயே படம் வரைந்து காட்டிய பெண் அது. ஒரு துளிக் கோபம் இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருக்கலாம். இதிலிருந்து தப்பிக்க வழியில்லை. தன் வீம்புக்கு மகளின் கைகளை வெட்டிக் கொடுக்கிறோம் என்பது கத்திரியக்காவுக்கு அப்போதுதான் சுரீரென்று உறைத்தது.

"நான் வேணா போய் வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"வேண்டாம். நானே போறேன்."

சொன்னவள் நின்றால்தானே! ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் வீட்டுக்காரர் செருப்பு, கழுத்தில் இஞ்ச் டேப் பறக்க, தெருவில் ஓட ஆரம்பித்தாள். பால் வண்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். ஓடிக்கொண்டே பேச்சைத் தயார் செய்தாள். "நான் சண்டைக்கு வரலை, துணிக்கு வந்திருக்கேன்" என்று ஆரம்பிக்கலாமா? சே, எடுத்த எடுப்பிலேயே சண்டை. "மூத்தவ கேட்கிறேன், இல்லேன்னு சொல்லாதே" என்றால்? மூத்தவள் மாதிரி என்றைக்கு நடந்துகொண்டாய் என்று திருப்பிக் கேட்டுவிட்டால்? "ரெண்டு மடங்கு விலை தர்றேன்" என்பதுதான் சரி, கௌரவமும் போகாது. அதைச் சொல்லிப் பார்ப்பதற்குள் வாசல் வந்துவிட்டது.

கதவு திறந்தே இருந்தது. மேஜைக்குப் பின்னால் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள், புதிதாக மூக்குக்கண்ணாடி. மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

பெரியவள் வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது.

சின்னவள் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எந்தக் கைக்கா வேணும்? இடதா, வலதா?"

"எ... என்னது?"

சின்னவள் பொட்டலத்தை அவிழ்த்தாள். அதே லேஸ். ஓர் இடது கை, ஒரு வலது கை. பூக்கள் இரண்டிலும் அதே இடத்தில் விழுந்திருந்தன. விளிம்பு நூல் பிரியாமல் ஓட்டுத்தையல்கூடப் போட்டாகிவிட்டது.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"உன் எதிர்ல நின்னு எவ்வளவு காலம் வெட்டியிருக்கேன்! சந்தோஷமா இருந்தா உன் கத்திரி பாடும். கோபமா இருந்தா ரெண்டும் ஒரே கைதான். டாக்டரம்மா பொண்ணுக்கு அப்படித்தானே வெட்டினே? நான்தானே அவங்களுக்குத் தெரியாம இன்னொண்ணு வெட்டி வச்சேன், மறந்துட்டியா? இந்த லேஸ் நம்ம பொண்ணுக்குன்னு கடைக்காரர் சொன்னதுமே கணக்குப் போட்டேன். சித்தியைக் கூப்பிடுன்னு அது சொல்லும், நீ மாட்டேன்னு குதிப்ப, குதிச்சிட்டு நேரா வந்து கையை வெட்டுவ. அதான் கடைசித் துண்டை வாங்கி வச்சேன்."

"அளவு?"

"நம்ம பொண்ணு தினமும் என் வாசல்லதான் பஸ்ஸுக்கு நிக்குது. கண்ணு எதுக்கு இருக்கு? ஓரத்துல தாராளமா விட்டிருக்கேன், பிடிச்சுக்கலாம்."

பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்போ... என்மேல உனக்குக் கோபமே இல்லையா?"

"இல்லாம? மூட்டை மூட்டையா இருக்கு. கோபத்தோடதான் இதையும் வெட்டினேன்." சின்னவள் வலது கையைத் தட்டி நீவினாள். "ஆனா, நான் சரியா வெட்டினேன்."

வேறு நேரமாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு ஒரு வாரம் சண்டை நடந்திருக்கும். பெரியவள் அவசர அவசரமாகத் தன் தயாரிப்பில் மிச்சமிருந்ததை எடுத்துவிட்டாள். "எவ்வளவு ஆச்சு சொல்லு. ரெண்டு மடங்கா..."

"சொல்லமாட்டேன்."

"ஏன்டி?"

"சொன்னா, எண்ணி வச்சுட்டு நிம்மதியாப் போயிடுவ. நான் கொடுக்கிறதைச் சும்மா வாங்கிக்க முடியுதான்னு பாரு."

"அதெப்படி... நான் இன்னும் உங்கிட்ட மன்னிப்புக்கூடக் கேட்கலையே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. தங்கை கேட்கவேண்டிய மன்னிப்புக்காக வருஷக்கணக்காக முழங்காலில் நின்றவள்! தான் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது என்பது உள்ளே எங்கேயோ தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஓடிவந்த மூச்சிரைப்பில், அதை மூடிவைக்க நேரமில்லாமல் போய்விட்டது.

"நீ கேட்டப்புறம்தான் கொடுக்கணும்னா, நான் இன்னிக்குத்தான் இதை வெட்ட உட்கார்ந்திருக்கணும்," என்றாள் சின்னவள். "கேட்கிறதுக்கு முந்தியே வெட்டினதாலதான் இப்போ கையில இருக்கு. மணி என்னாச்சு பாரு. எடுத்துக்கிட்டு ஓடு!"

பெரியவள் கையை நீட்டினாள். தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையின் உள்ளங்கையில் மிட்டாய் விழுந்த மாதிரி அந்த லேஸ் விழுந்தது. அவள் வாயைத் திறந்து ஓவென்று அழுதாள். வெட்கமாகவும் இருந்தது, சொல்லமுடியாத சந்தோஷமாகவும் இருந்தது. "லேஸ்ல சிந்தாதே, கறையாயிடும்" என்று சின்னவள் அதட்டினாள். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணெல்லாம் தண்ணி. ஊசியில நூல்கூட ஏறாது. நீயே வந்து வச்சுக் கொடு."

"கூப்பிடாத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்."

பெரியவள் கண்ணைத் துடைத்தபோது சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்தாள். நீல நிறத்தில் நல்ல உடை ஒன்று. மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, பக்கத்திலேயே பொருத்தமான காலணியும் எடுத்துவைத்திருந்தது.

"அப்போ இது எதுக்கு?"

சின்னவள் முகம் சிவந்துபோயிற்று. முதல்முறையாக அவளுக்குப் பேச்சுத் தடுமாறியது. "அது... கோயிலுக்கு எதிர்ல நின்னா, பொண்ணு கார்லேர்ந்து இறங்கறது தெரியும். தெருவுல நிக்கிறதுக்கு யாரையும் கேட்கவேண்டாமே."

நீ தெருவில் நின்றிருப்பாய் என்று சொன்னவள், அதை இன்றைக்கு நிஜமாகவே நடத்தி முடிக்க இருந்தாள். பெரியவள் அதற்குமேல் பேசிக்கொண்டு நிற்கவில்லை. நீல உடையைக் கொக்கியோடு கழற்றித் தோளில் போட்டாள், காலணியைக் கக்கத்தில் இடுக்கினாள், தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள், வாசலைப் பார்த்து இழுத்தாள்.

"கதவையாவது பூட்ட விடுக்கா!"

"திருடன் வந்தா வந்து தச்சுட்டுப் போகட்டும், வாடி!"

அக்காவும் தங்கையும் கைகோத்துக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்த பால் வண்டிக்காரர் வண்டியையே நிறுத்திவிட்டார். வீட்டில் மகள் சித்தியைப் பார்த்ததும் "ஐயோ!" என்று அலறிக்கொண்டு கட்டிப்பிடித்தாள். "தலை கலையும், தள்ளு, தள்ளு!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அவளை அதட்டினார்கள். அதில் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மகளைக் கூடத்து நடுவில் நிறுத்தி இரண்டு கைகளையும் விரிக்கச் சொன்னார்கள். இடப்பக்கம் அம்மா, தான் வெட்டிய இடது கையோடு. வலப்பக்கம் சித்தி, தான் வெட்டிய வலது கையோடு. மெஷினுக்கு நேரமில்லை, கைத்தையல்தான். அழுது முடித்த கண்ணுக்கு இப்போது ஊசிக்காது தெரிந்தது. ஊசிகள் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு ஏறி இறங்கின. "நேரா நில்லு!" "மூச்சு விடாதே!" "மூச்சு விடாம எப்படிம்மா நிக்கிறது?" "கோயில்ல போய் விட்டுக்கோ!" வெளியே வீட்டுக்காரர் காரின் ஹாரனை அழுத்தினார். படிக்கட்டில் மாடிக்காரர், இன்னும் ஒரு கன்னம் பாக்கியோடு, என்ன ஆகுமோ என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவள் முதலில் முடித்தாள். நூலைக் கடித்தாள். வழக்கமான அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்துக் காத்திருந்தாள். சின்னவள் கடைசித் தையலைப் போட்டு நூலைக் கடித்ததும், "நீ சொல்லு" என்றாள்.

"முடிஞ்சுது!" என்று சின்னவள் கூவினாள். மாடிக்காரர் கைதட்டினார்.

கோயிலில் அன்றைக்கு நீல உடை இடப்பக்கத்து முதல் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், மணப்பெண்ணின் அம்மாவோடு உட்கார்ந்திருந்தது. சபை அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டது. போதகர் கைகளை விரித்தார். "கிருபையும் சமாதானமும் உங்களோடிருப்பதாக."

பிறந்த நாளிலிருந்து கேட்டுவருகிற வாக்கியம். அதில் எது முன்னால் வருகிறது என்பதைக் கத்திரியக்கா இன்றைக்குத்தான் கவனித்தாள். கிருபைதான் முதலில். அதன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறது சமாதானம். அவளோ இத்தனை காலமும் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் தங்கை வந்து குனியட்டும், சமாதானமாகட்டும், கிருபை காட்டுவதை அப்புறம் யோசிக்கலாம் என்று. அந்த வழியில் போய்ப் பிடிக்கக் கிடைத்தது ஒரு தூண்தான்.

சின்னவள் திரும்பிக் கையை நீட்டினாள். பெரியவள் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சொல்லவேண்டியது ஒரே ஒரு சொல். கத்திரியக்காவுக்கு ஒரு சொல்லில் எது முடிந்திருக்கிறது?

"அன்னிக்குக் கடையில எல்லார் முன்னாடியும் சொன்னேனே, அது பொய்டி. என் தப்பையெல்லாம் மூடி மூடி வச்சு நீதான் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தே. நீ இல்லேன்னா நான்தான் தெருவுல நின்னிருப்பேன். என்னை மன்னிச்சுடு."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவளுடைய மெதுவு மற்றவர்களுக்குக் கூச்சல். சபை முழுக்க அப்படியே நின்றுவிட்டது. ஆர்கன் வாசிப்பவரின் விரல் கட்டைக்கு மேலே நின்றது. மணப்பெண் திரும்பிப் பார்த்து, மணிக்கட்டு லேஸால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். போதகர் புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடிக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு ஒன்றும் அவசரமில்லை போலிருந்தது.

"அக்கா," என்று சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே காதருகில் சொன்னாள், "சமாதானம்னு சொன்னாப் போதும். மாப்பிள்ளை காத்துக்கிட்டு நிக்கிறாரு."

"சமாதானம்டி," என்றாள் பெரியவள்.

பிறகு, பாவம் என்று, பக்கத்துத் தூணையும் ஒருதரம் தட்டிக்கொடுத்தாள்.